காலக்கெடுவின் மேல் பழி போடாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கள்தோறும் மனுவோடு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சிதம்பரம் நீதிமன்ற வாசலில் வக்கீல் குமாஸ்தாக்களிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரு வாசகம் தவறாமல் வந்து விழும்: "பொய் சொல்லிப் பட்டா வாங்குனவன் மூணு வருஷம் தாக்குப்பிடிச்சாப் போதும் சார், அப்புறம் சட்டமே அவனுக்குக் காவல்." இந்த வாசகத்திலிருந்து ஒரு கோரிக்கையும் பிறந்திருக்கிறது. அரசு நிலம் கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பத்தில் பொய் சொன்னவர் மீது எத்தனை ஆண்டு கழித்தும் குற்ற வழக்குத் தொடரலாம் என்று சட்டத்தைத் திருத்த வேண்டுமாம். நில மீட்புக்காக உழைக்கும் நல்லவர்களும் இதைச் சொல்கிறார்கள். கோப்பைத் தூங்கவிட்ட அலுவலகங்களும் இதையே சொல்கின்றன. இந்த இரண்டு தரப்பும் ஒரே குரலில் பேசுவதே நம்மைச் சந்தேகப்பட வைக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கை தவறான இடத்தில் அடிக்கிறது என்பதே என் வாதம். பொய்யரைத் தப்ப விடுவது காலக்கெடு என்பது உண்மையல்ல. புகார் எழுத வேண்டிய அதிகாரி பேனாவைத் திறக்காததால்தான் அவர் தப்புகிறார். கெடுவை நீக்கினால் பெரிய மோசடிக்காரருக்குப் புதிதாக ஒரு ஆபத்தும் வராது. அவருக்கு இன்றைய சட்டத்திலேயே கெடு என்ற பாதுகாப்பு கிடையாது. மூன்று சென்ட் மனைக்கு விண்ணப்பித்த ஏழையின் தலைக்கு மேல் மட்டும் ஆயுள் முழுக்கக் கத்தி தொங்கும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். புறம்போக்கு நிலம் ஊருக்குப் பொதுச் சொத்து. அதைப் பொய் சொல்லி வாங்கியவர் ஒருவரை மட்டும் ஏமாற்றவில்லை, ஊரையே ஏமாற்றியிருக்கிறார். அந்தப் பொய் ஓர் அலுவலகக் கட்டுக்குள் புதைந்து கிடப்பதால் வெளியே தெரியவே பல ஆண்டுகள் ஆகும். நிலத்தின் விலையோ ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, எனவே பொய்யின் லாபமும் ஏறுகிறது. அதோடு, வருமான வரி, சுங்கம், கலால் போன்ற சட்டங்களின் கீழ் வரும் குற்றங்களுக்குக் காலக்கெடு பொருந்தாது என்று 1974-லேயே பொருளாதாரக் குற்றங்களுக்கான தனிச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்றியது. வரி ஏய்த்தவருக்கு இல்லாத சலுகை நிலம் ஏய்த்தவருக்கு எதற்கு? கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்ததும் இதில் பாதி கரைந்துவிடுகிறது.

1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுவான காலக்கெடு எதுவும் இல்லை. சட்ட ஆணையம் 1971-இல் தன் 42-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்த பிறகு, 1973-ஆம் ஆண்டின் சட்டத்தில் 36-ஆம் அத்தியாயமாக அது சேர்ந்தது. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 468-ஆவது பிரிவின் கணக்கு எளிமையானது. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறு மாதம். ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை சிறை என்றால் மூன்றாண்டு. மூன்றாண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால் கெடுவே கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆவது பிரிவிலும் இதே கணக்குதான்.

இப்போது நிலத்துக்காகச் சொல்லப்படும் பொய்களை இந்தக் கணக்கில் பொருத்திப் பார்ப்போம். அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுத்து, அவர் செய்யக் கூடாததைச் செய்ய வைப்பது பழைய தண்டனைச் சட்டத்தில் 182-ஆவது பிரிவு, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 217. முன்பு ஆறு மாதம் வரை சிறை, இப்போது ஓராண்டு வரை. இரண்டிலும் கெடு ஓராண்டுதான். சட்டப்படி சத்தியம் செய்து அரசு ஊழியர் முன் சொன்ன பொய் என்றால், பழைய 181, இப்போதைய 216. மூன்றாண்டு வரை சிறை, மூன்றாண்டு கெடு. ஊரில் எல்லாரும் சொல்லும் மூன்று வருஷம் இங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் ஏக்கர் கணக்கில் அரசு நிலத்தை வளைக்கிறவர் வெறும் வாய்ப்பொய்யோடு நின்றதாக எங்கே கேள்விப்பட்டிருக்கிறோம்? இல்லாத ஒப்படை ஆணையைத் தயாரிக்கிறார். தாசில்தார் முத்திரையைச் செய்கிறார். செத்தவர் கையெழுத்தைப் போடுகிறார். ஏமாற்றிச் சொத்தைக் கைப்பற்றுவது, பழைய தண்டனைச் சட்டத்தின் 420, ஏழாண்டு வரை சிறை. ஏமாற்றும் நோக்கத்தில் போலி ஆவணம் தயாரிப்பது, பழைய 468, அதுவும் ஏழாண்டு. மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாக உருவாக்குவது, பழைய 467, ஆயுள் தண்டனை வரை போகும். இவற்றில் எதற்கும் கெடு இல்லை. இருபது ஆண்டு கழித்தும் வழக்குப் போடலாம். பல குற்றங்களை ஒன்றாக விசாரிக்கும்போது, கடுமையான தண்டனை உள்ள குற்றத்தை வைத்தே கெடுவைக் கணக்கிட வேண்டும் என்று 1978-இல் நடைமுறைச் சட்டத்தில் ஓர் உட்பிரிவையும் சேர்த்துவிட்டார்கள். ஆக, போலி ஆவணத்தோடு பொய் வாக்குமூலமும் கொடுத்தவர் "பொய் சொன்னதற்குக் கெடு முடிந்துவிட்டது" என்று தப்ப முடியாது. பணம் வாங்கிக்கொண்டு பொய்யை மெய்யாக்கிய அதிகாரி? ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சத்துக்குத் தண்டனை இன்று மூன்று முதல் ஏழாண்டு வரை. அவருக்கும் கெடு இல்லை.

அப்படியானால் கெடு யாருக்குத்தான் இருக்கிறது? போலி ஆவணம் இல்லாமல், யாருக்கும் லஞ்சம் கொடுக்காமல், விண்ணப்பத்தில் ஓர் உண்மைக்கு மாறான வரியை மட்டும் எழுதியவருக்கு இருக்கிறது. ஆண்டு வருமானத்தைக் குறைத்துச் சொன்னவர். ஆறு வருடமாகக் குடியிருந்துவிட்டுப் பத்து வருடம் என்று போட்டவர். பூர்வீக வீட்டில் நாலில் ஒரு பங்கு இருந்தும் "எனக்கு வேறு வீடு இல்லை" என்று கையெழுத்திட்டவர். இவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, பொய் பொய்தான். ஆனால் கெடுவை ஒழி என்கிற கோரிக்கை புதிதாகப் பிடித்துத் தரப்போவது இவர்களை மட்டுமே என்பதை அந்தக் கோரிக்கையை எழுப்புகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"சரி, இவர்களுடைய பொய்யும் தெரிய வரும்போது மூன்று வருடம் தாண்டிவிடுகிறதே" என்று அடுத்த கேள்வி வரும். பொய் சொன்ன நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடுகிறது என்ற நினைப்பில் எழும் கேள்வி இது. குற்றம் நடந்தது தெரியாமல் இருந்தால், பாதிக்கப்பட்டவருக்கோ காவல் அதிகாரிக்கோ யாருக்கு முதலில் தெரிய வருகிறதோ, அந்த நாளிலிருந்துதான் கெடு தொடங்கும். பழைய சட்டத்தில் 469-ஆவது பிரிவு, புதியதில் 515. புதைந்து கிடந்த பொய்க்குச் சட்டம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. அதற்கு மேலும் தாமதமானால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினாலோ நீதியின் நலனுக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதினாலோ கெடு கடந்த வழக்கையும் ஏற்கலாம். பழைய 473, புதிய 519. குடும்ப வன்கொடுமை வழக்கொன்றில் 1993-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் வீச்சை விரிவாகவே எடுத்துச் சொன்னது.

"கோர்ட்டில் இழுத்தடித்தே கெடுவைத் தாண்ட வைத்துவிடுவார்கள்" என்று சொல்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதில் சென்னையிலிருந்து போன வழக்கில்தான் கிடைத்தது. இதய நோய் மருத்துவ நிறுவனம் ஒன்றின் மீது சாரா மேத்யூ தொடர்ந்த வழக்கில், 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு கேள்விக்கு முடிவு கட்டியது. புகார் தாக்கல் செய்த நாளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், மாஜிஸ்திரேட் அதைக் கோப்பில் ஏற்ற நாளை அல்ல என்றது. புதிய சட்டத்தின் 514-ஆவது பிரிவில் இதையே விளக்கமாகச் சேர்த்துவிட்டார்கள். நீதிமன்றத்தின் தாமதம் புகார்தாரரைப் பாதிக்காது.

பிறகு ஓட்டை எங்கே இருக்கிறது? புகார் எழுதும் கையில் இருக்கிறது.

அரசு ஊழியரிடம் சொன்ன பொய்க்காக 181, 182 போன்ற பிரிவுகளில் வழக்கு வேண்டுமென்றால், அந்த ஊழியரோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் 195-ஆவது பிரிவு, புதியதில் 215. ஊர்க்காரர் கொடுக்கும் புகார் செல்லாது. காவல்துறை தானாக வழக்குப் போட்டாலும் நிற்காது. 1962-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த தவுலத் ராம் வழக்கு இதற்கு நல்ல சான்று. பஞ்சாபில் ஒருவர் தாசில்தாருக்குப் பொய்த் தகவல் கொடுத்தார். தாசில்தார் தாமே புகார் கொடுக்காமல் விட்டுவிட, காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தண்டனையும் கிடைத்தது. தாசில்தாரின் எழுத்து மூலமான புகார் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பொய் நிரூபணமானதா இல்லையா என்ற கேள்விக்கே போகவில்லை.

இதை நம் தாலுகா அலுவலகத்தில் வைத்துப் பார்ப்போம். ஆட்சேபனையற்ற புறம்போக்கில் குடியிருக்கும் ஒருவர் மனைப் பட்டா கேட்கிறார். விண்ணப்பத்தில் வருமானம், குடியிருக்கும் ஆண்டுகள், வேறு வீடோ மனையோ இல்லை என்ற உறுதி. அலுவலகத்துக்கு வெளியே குடைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் அதை நிரப்பிக் கொடுக்கிறார். விண்ணப்பதாரர் கையெழுத்திடுகிறார் அல்லது கட்டைவிரல் உருட்டுகிறார். கோப்பு கிராம நிர்வாக அலுவலருக்குப் போகிறது. அவர் 'அ' பதிவேட்டையும் அடங்கலையும் பார்த்து, இடத்தையும் பார்த்து, அறிக்கை எழுத வேண்டும். வருவாய் ஆய்வாளர் அதைச் சரிபார்க்க வேண்டும். சர்வேயர் புலப்படத்தோடு வந்து அளக்க வேண்டும். அதன் பிறகே தாசில்தார் மேசை. இத்தனை கையெழுத்துகளைத் தாண்டித்தான் ஒரு பொய் பட்டா ஆகிறது. பக்கத்துத் தெருவில் விண்ணப்பதாரருக்கு ஓட்டு வீடு இருப்பது, அந்த ஊரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிய வருகிறது என்றால் நம்ப முடியுமா?

பொய் வெளிப்பட்ட பிறகு நடப்பதையும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுக்கிறார். விசாரணை நடக்கிறது. கோட்டாட்சியர் பட்டாவை ரத்து செய்கிறார். அப்படிப்பட்ட ஆணை ஒன்று உங்கள் கையில் இருந்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். "விண்ணப்பதாரர் மீது குற்றப் புகார் தாக்கல் செய்யத் தாசில்தாருக்கு உத்தரவிடப்படுகிறது" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் நகல் யார் யாருக்கு என்ற பட்டியல்தான் இருக்கும். தகவல் தெரிந்த நாள் அந்த ஆணையிலேயே இருக்கிறது. கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. ஓர் ஆண்டு, மூன்று ஆண்டு சத்தமில்லாமல் கழிகிறது. பிறகு யாராவது கேட்டால், "காலக்கெடு முடிஞ்சு போச்சே சார்." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

கெடுவை நீக்கிவிட்டால் இந்த அலுவலகம் சுறுசுறுப்பாகிவிடுமா? நேர்மாறாகத்தான் நடக்கும். இன்றைக்குச் செய்யாவிட்டால் என்றைக்கும் செய்ய முடியாது என்ற ஒரே ஒரு நெருக்கடி இப்போது அந்தக் கோப்பின் மேல் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால், "எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம்" என்பதே நிரந்தர விடையாகிவிடும். அதைவிட மோசமாக, எப்போது வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்ற அதிகாரம் வழக்குப் போடுவதற்கு மட்டும் பயன்படாது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "உம் பேர்ல ஒரு பொய் இருக்குப்பா" என்று பட்டாதாரரைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் இடைத்தரகர் எந்த ஊரில் இல்லை? அடுத்த தேர்தலில் வாக்குக்காகவும், அடுத்த நிலம் கையகப்படுத்தலில் வாயடைக்கவும் அந்தத் தாள் உதவும்.

கெடு ஏன் தேவை என்பதைக் கடலூர் மாவட்டத்தைவிடத் தெளிவாக விளக்கும் இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், கிள்ளை பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு என்று கரையோரம் முழுக்கக் கடல் வீட்டுக்குள் வந்தது. ரேஷன் கார்டு, வரி ரசீது, மனைப் பத்திரம் எல்லாம் டிரங்குப் பெட்டியோடு போயிற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஓட்டையும் கூரையையும் பிய்த்தது. 2015 நவம்பரில் மழை வெள்ளம். கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறுகள் கடலைத் தொடும் இந்தத் தாழ்ந்த நிலத்தில் ஓர் ஏழைக் குடும்பம் இருபது வருடக் காகிதத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது அபூர்வம். அரசு கட்டிக் கொடுத்த வீட்டுக்கும் மனைக்கும் அன்றைக்கு எழுதிக் கொடுத்ததெல்லாம் அவசரத்தில், அடுத்தவர் கையால் எழுதியவை. இன்றைக்கு ஒருவரைக் கூண்டில் ஏற்றி, "2005-இல் உனக்கு வேறு வீடு இருந்ததா இல்லையா" என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? அலுவலகத்திடம் கோப்பு இருக்கும். அவரிடம் நினைவு மட்டுமே இருக்கும். சாட்சி சொல்ல வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவேளை சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே போயிருப்பார். பழைய, வன்மம் சார்ந்த வழக்குகள் குவியாமல் தடுப்பதே காலக்கெடுவின் நோக்கம் என்று 1981-இல் பஞ்சாப் அரசுக்கும் சர்வான் சிங்குக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அந்த நோக்கத்துக்குக் கடலூர்க் கரையில் வேறு உரை தேவையில்லை.

விரைந்து செயல்பட்டால் கெடு தடையே இல்லை என்பதற்கும் இதே மாவட்டம் சான்று தருகிறது. பிரதமர் கிசான் திட்டத்தில் நிலம் உள்ள விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதற்கான பதிவும் ஒருவகையில் நிலம் பற்றிய அறிவிப்புதான். 2020 ஆகஸ்டில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் பெயரில் பெருமளவில் பணம் போனது வெளிப்பட்டது. தமிழ்நாடு முழுக்க 110 கோடி ரூபாய்க்கு மேல் மோசடி நடந்ததாக அன்றைய வேளாண்மைச் செயலர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். சுனாமியின்போது கடலூர் ஆட்சியராக இருந்தவர் அவர். சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது, தரகர்கள் கைதானார்கள், ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது. இதெல்லாம் சில மாதங்களுக்குள். காலக்கெடு யார் காலையும் இடறவில்லை.

அந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. விண்ணப்பம் யார் பெயரில் இருந்ததோ அவர்களில் பலருக்குத் தாங்கள் விவசாயி என்று அறிவித்துக்கொண்டதே தெரியாது. கொரோனா உதவிப் பணம் என்று சொல்லி ஆதாரையும் பாஸ்புக்கையும் கம்ப்யூட்டர் சென்டர்காரர்கள் வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்துப் பதிவை ஏற்றியவர்கள் வேறு ஆட்கள். காகிதத்தில் பொய் சொன்னவர் ஒருவர், உண்மையில் பொய் சொன்னவர் இன்னொருவர். உடனே விசாரித்ததால் இந்த வித்தியாசம் தெரிந்தது. அதே விசாரணையைப் பதினைந்து வருடம் கழித்து நடத்தியிருந்தால் கம்ப்யூட்டர் சென்டரும் இருக்காது, தரகரும் இருக்க மாட்டார், பெயர் மட்டும் இருக்கும். சிறைக்குப் போவது அந்தப் பெயருக்கு உரியவர். எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்களே, கெடு இல்லாத சட்டம் அதைத்தான் செய்யும்.

வரி ஏய்ப்பவருக்கு இல்லாத கெடு இங்கே எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்டிருப்பது வருமான வரி, செல்வ வரி, சுங்கம், கலால் போன்றவை. கணக்கு எழுதி வைக்கக் கடமைப்பட்டவர்கள், ஆடிட்டர் வைத்திருப்பவர்கள், பத்து வருடம் கழித்தும் ஏட்டைக் காட்ட முடிகிறவர்கள் அதில் வருகிறார்கள். மூன்று சென்டுக்கு மனு போடுகிறவரை அந்த வரிசையில் நிறுத்துவது சமத்துவம் ஆகாது. நிலம் சார்ந்த மோசடியில் அந்த வரிசைக்கு இணையான ஆட்கள் உண்டு. அவர்கள் போலி ஆவணக்காரர்கள், அவர்களுக்குக் கெடு ஏற்கெனவே இல்லை.

"நிலம் இன்னும் அவன் கையில்தானே இருக்கிறது, அப்படியானால் குற்றம் தொடர்கிறது, தொடரும் குற்றத்துக்குக் கெடு ஏது?" என்று சில வழக்கறிஞர்கள் வாதிடுவார்கள். கெட்டிக்காரத்தனமான வாதம், ஆனால் நிற்காது. பொய்யைச் சொன்னவுடன் அந்தக் குற்றம் முடிந்துவிடுகிறது. தொடர்வது அதன் பலன். ஒருமுறை செய்து முடிந்த குற்றத்தையும் நாள்தோறும் புதிதாகும் குற்றத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பீகார் அரசுக்கும் தேவ்கரண் நென்ஷிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது.

ஆனால் பலன் தொடர்கிறது என்ற கவலை உண்மையானது. அதற்கு மருந்து நிலத்தைத் திரும்ப எடுப்பது. அதை ஆளைச் சிறையில் அடைப்பதோடு போட்டுக் குழப்புவதில்தான் இந்த விவாதமே வழி தவறுகிறது. நடைமுறைச் சட்டத்தின் 468-ஆவது பிரிவு, அதாவது புதிய 514, வைக்கும் கெடு குற்ற வழக்குக்கு மட்டும். நிபந்தனை மீறிய ஒப்படையை ரத்து செய்ய அந்தக் கெடு பொருந்தாது. நியாயமான காலத்துக்குள், எதிராளியின் பேச்சைக் கேட்டுச் செய்தால் போதும். தன் நிலத்துக்காக உரிமையியல் வழக்குத் தொடர அரசுக்கு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 30 ஆண்டு தருகிறது. தனியாருக்குக் கிடைப்பது 12 ஆண்டு. ஆக்கிரமிப்பை அகற்ற 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன.

பஞ்சமி நில மீட்பை முன்வைத்துக் கெடுவை எதிர்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். செங்கல்பட்டில் டிரெமன்ஹீர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி எழுதிய அறிக்கைக்குப் பின், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு 1892-இல் தொடங்கிய ஒப்படைகள் அவை. பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் அதே பிரிவினருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்தவை. அவற்றைப் பொய்யாலும் மிரட்டலாலும் பறித்த முதல் தலைமுறை செத்துப் போயிற்று. குற்ற வழக்கில் கெடுவை நீக்கினாலும் கூண்டில் ஏற்ற ஆள் இல்லை. நிலம் மட்டும் அதே சர்வே எண்ணில் இருக்கிறது. அந்தப் போராட்டத்துக்குத் தேவை மீட்பு ஆணை. குற்றவியல் கெடுவோடு மல்லுக்கட்டுவது அதன் பலத்தை வீணடிக்கும்.

வெளிநாட்டுப் பாடமும் இதே பக்கம்தான் சாய்கிறது. அமெரிக்காவில் பொது நிலத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் "சொந்த உபயோகத்துக்கு" என்று சத்தியம் செய்துவிட்டு மர வியாபாரிகளுக்கு மாற்றிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. குற்ற வழக்குக்கு அங்கே அப்போது மூன்றாண்டுக் கெடு. கொடுத்த நிலப் பட்டயத்தை ரத்து செய்ய அரசு வழக்குத் தொடர்வதற்கே 1891-இல் ஆறாண்டு வரம்பு வைத்தார்கள். இந்தக் கெடுக்களுக்கு நடுவில்தான் ஆரிகன் மாநில நில மோசடி வழக்குகள் நடந்தன. பிரான்சிஸ் ஹெனி என்ற அரசு வழக்கறிஞர் பிடித்த பிடியில், நில அலுவலகத்தில் காரியம் முடித்துக் கொடுக்கப் பணம் வாங்கியதற்காக ஜான் மிட்செல் என்ற செனட்டரே 1905-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அங்கே வேலை செய்தது நீண்ட கெடு அல்ல, ஓயாத வழக்கறிஞர்.

நம் ஊரில் வேகம் காட்டுவதாக நினைத்துச் செய்த முயற்சி ஒன்றையும் நினைவூட்டுகிறேன். 2011-இல் மாவட்டந்தோறும் நில அபகரிப்புத் தடுப்புத் தனிப்பிரிவும் சிறப்பு நீதிமன்றங்களும் வந்தன. 2015 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது. "நில அபகரிப்பு" என்றால் என்ன என்ற வரையறையே இல்லாமல், யாரை வேண்டுமானாலும் உள்ளே இழுக்கும்படி இருந்ததே காரணம். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. எல்லையில்லாத அதிகாரம் கேட்டால் கடைசியில் கைக்குக் கிடைப்பது வழக்கின் மேல் வழக்குதான்.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. பொய் காரணமாகப் பட்டாவை ரத்து செய்யும் ஒவ்வோர் ஆணையிலும், பொய் அலுவலகத்துக்குத் தெரிந்த தேதி, குற்றப் புகார் கொடுக்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்ற மூன்றையும் எழுதுவது கட்டாயமாக வேண்டும். தாசில்தார் எழுதாவிட்டால் மேலதிகாரியே எழுத 215-ஆவது பிரிவு இடம் தருகிறது. எனவே கோட்டாட்சியர் அலுவலகத்தில் இதற்கென ஒரு பதிவேடு வைத்து, கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போது அதை ஆட்சியர் பார்வைக்குக் கொண்டுபோக வேண்டும். கெடுவைத் தவறவிட்ட அதிகாரிக்கு ஒழுங்கு நடவடிக்கை வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவரின் பெயரும் கையெழுத்தும் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். இதற்கெல்லாம் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. நில நிர்வாக ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

மனுவோடு மஞ்சக்குப்பத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "இந்தத் தகவல் பொய், எழுத்து மூலம் குற்றப் புகார் கொடுங்கள்" என்று வெளிப்படையாகக் கேளுங்கள், ஒப்புகைச் சீட்டைத் தேதியோடு வாங்குங்கள். பொய் அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது என்பதற்கு அந்தத் தேதியே சாட்சி. ஆறு மாதத்தில் புகார் போகாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் காரணம் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஓராண்டு முடிவதற்குள் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு கேளுங்கள். சட்டம் கொடுத்திருக்கும் ஓராண்டும் மூன்றாண்டும் ஒரு புகார் எழுதத் தாராளமான காலம். எழுதாதவரைக் கேள்வி கேளுங்கள்.